அம்மா பேசறாங்க

இந்தச் சேரை யாராவது எடுத்துட்டுப் போனாத் தேவலை. அத்தனை பொம்பளைகளும் கீழ பாயில உக்காந்திருக்காங்க, நான் ஒருத்தி மட்டும் நடுக்கூடத்துல செவப்பு பிளாஸ்டிக் சேர்ல, கலியாணத்துக்கு வந்த சம்பந்தியம்மாளாட்டம். கீழயே உக்காந்துக்கறேன்னு கையாலதான் காட்டுனேன். பொன்னுரங்கத்தோட அண்ணன் விடல. மொதலாளியம்மா தரையில உக்கார்றதாவதுன்னு பதறிப் போய்த் தோள்துண்டாலயே சேரைத் தொடச்சுப் போட்டாரு, போட்டுட்டு என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. எழவு வீட்டுல யாரும் வாங்கன்னு கூப்புட மாட்டாங்க, நாமளும் போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது. அந்த வழக்கம் இன்னிக்கு எனக்கு எவ்வளவு தோதாப் போச்சுன்னு நெனைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. வந்ததுலருந்து வாயைத் தொறக்கல. அவன் பொண்டாட்டி பாக்கியத்தோட கையைப் புடிச்சேன், அவ அழுதா, எனக்கு அழுகை வரல. கண்ணைத் தொடைக்கற மாதிரி முந்தானையை எடுத்து மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டேன். யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எங்க, பாத்திருப்பாங்க, எழவு வீட்டுல பொம்பளைக பாக்கறதே அதைத்தானே, யாரு நெசமா அழுவறா, யாரு மூக்கைத் தொடைக்கறான்னு. எதுத்தாப்புல ஸ்டூல் மேல பொன்னுரங்கம் போட்டோவுல இருக்கான். அது எங்க கம்பெனி ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோ, பெருசு பண்ணி மாலை போட்டிருக்காங்க. சட்டைப் பையில எங்க கம்பெனிப் பேரு பாதி தெரியுது, மீதியை மாலை மறைச்சிருக்கு. நல்லதாப் போச்சுன்னு நெனைச்சேன் பாருங்க, அப்படி நெனைச்ச மனசை என்னன்னு சொல்றது. போட்டோவுக்கு முன்னால வெளக்கு, அவன் மூக்குக் கண்ணாடி, அப்பறம் அவன் போன். சேதி தெரியாதவங்க யாராச்சும் கூப்புட்டாச் சொல்லணும்னு சார்ஜ் போட்டு வெச்சிருக்காங்க.

அந்த அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். அரவக்குறிச்சிப் பக்கம் தோட்டம் பாத்துட்டு இருக்கறவரு, வெள்ளந்தி மனுசன். கையைக் கட்டிக்கிட்டு நின்னவரு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றாரு, அம்மா நீங்களேதான் எந்தம்பிக்குப் போன் போட்டு விசாரிச்சீங்களாம், வாயுப் புடிச்சுப் படுத்திருந்தவன் உங்க கொரலைக் கேட்டதும் எந்திரிச்சு மறுநா வேலைக்குப் போயிட்டானாம், அத்தனை பெரிய கம்பெனி நடத்தறவங்க அம்மாவே கூப்புட்டாங்கண்ணான்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டான் அப்படிங்கறாரு. மெச்சித்தான் சொல்றாரு. என்னைத் திட்டியிருந்தாக்கூட இப்படி இருந்திருக்காது. பொம்பளைக எல்லாம் என்னையத் திரும்பிப் பாத்தாங்க, இப்படி ஒரு மொதலாளியான்னு. பாக்கியம் மட்டும் பாக்கல, தரையையே பாத்துட்டு இருந்தா. நான் என்ன பண்ணியிருக்கணும்? அது நான் இல்லீங்க, மிஷினுங்கன்னு சொல்லியிருக்கணும். நாலே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு, சத்தியமா வந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். குனிஞ்சதை அவரு அடக்கம்னு எடுத்துக்கிட்டாரு. பெரிய மனுசி, தற்பெருமை இல்லைன்னு நெனைச்சுக்கிட்டு வெளிய ஆம்பளைங்க உக்காந்திருக்கற பந்தலுக்குப் போயிட்டாரு. வாயு இல்ல அது, நெஞ்சு. வலியோட வந்து ஒரு முழு ஷிஃப்ட் நின்னு வேலை பாத்திருக்கான். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில உசுரு போயிருச்சு. வலின்னு தெரிஞ்சா நான் வரச் சொல்லியிருப்பனா? மாட்டேன். நான் கூப்புட்டிருந்தா எங்க வலிக்குது, எப்பருந்து வலிக்குது, கை மரத்துப் போகுதான்னு கேட்டிருப்பேன். கேட்டிருப்பனா? எனக்கு நேரம் இருந்திருக்குமா? அதுதான் கூப்புடவே இல்லையே, அப்பறம் என்ன கேட்டிருப்பேன் கிழிச்சிருப்பேன்.

ஆனா ஒரு காலத்துல நானே கூப்புட்டேன், அது பொய்யில்ல. கொசுவலைக் கம்பெனின்னு பேருக்கு ஒரு தகர செட்டு, நாலு மிஷின், கையில எண்ணற அளவு ஆளுங்க. வீட்டுக்காரரு போனப்பறம் இவ என்னத்தைக் கிழிச்சுருவான்னு கரூரே பாத்துட்டு இருந்துச்சு. சாயங்காலமானா அன்னிக்கு வராத ஆளுங்களுக்கெல்லாம் நானே போன் போடுவேன். போன் இல்லாதவங்களுக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன். என்ன ஆச்சு, ஏன் வரல, புள்ளைக்குக் காய்ச்சலா, பொண்டாட்டிகூடச் சண்டையா. சண்டைன்னா அவளையும் கூப்புட்டு ரெண்டு வார்த்தை. சாயங்காலப் போன்னு அதுக்குப் பேரே வெச்சிருந்தாங்க. அம்மாகிட்டருந்து சாயங்காலப் போன் வந்துரும்டா, ஒழுங்கா லீவு சொல்லிட்டுப் போயிருன்னு பேசிக்குவாங்க. பொன்னுரங்கத்துக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நானே வந்தேன், இதே வெங்கமேட்டுக்கு, இந்த வீடு இல்ல, அப்ப ஓட்டு வீடு. பாக்கியம் அப்ப கலியாணமாகி வந்த புதுசு. கட்டில்ல மஞ்சளா கெடந்தவன் நான் உள்ள வந்ததும் எந்திரிக்கப் பாத்தான். படுடான்னு ஒரு அதட்டுப் போட்டுட்டு, நீ இல்லாம மிஷின் ஓடற மாதிரியே இல்ல, சீக்கிரம் வந்துருன்னு சொன்னேன். யோசிச்சுச் சொன்னதில்ல, வாயில வந்துச்சு, அப்ப அது நெசமும்கூட, அவன் இல்லாம அந்த மிஷினுக்கு ஊசி மாட்ட ஆளில்ல. சிரிச்சான். மஞ்சப் பல்லு, மஞ்சக் கண்ணு, ஆனா என்னமா சிரிச்சான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் பெங்களூர்லருந்து வந்த பசங்ககிட்டக் குடுத்தேன். வெளிநாட்டு ஆர்டர் வந்துச்சு, ரெண்டாவது யூனிட், மூணாவது யூனிட், ஆளுங்க நூத்துக்கணக்குல ஆயிட்டாங்க. யாரு பேரு என்னன்னே தெரியல, பாதிப் பேரு பீகார், ஒடிசா. சாயங்காலப் போன் எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது, யாரும் நிறுத்தல, தானா நின்னு போச்சு. ஆளுங்க வர்றது கொறைஞ்சுது. அப்பத்தான் எச்.ஆர் பாக்கற தினகர் வந்து சொன்னான், அம்மா உங்க கொரலை அப்படியே எடுத்து மிஷின்ல வெச்சுட்டா, வராதவங்களுக்கெல்லாம் அதுவே கூப்புட்டுப் பேசும், பேரு சொல்லிப் பேசும், இந்திக்காரங்களுக்கு இந்தியிலயும் நீங்களே பேசுவீங்கன்னு. சிரிப்பா வந்துச்சு, எனக்கு இந்தியில பானி ரோட்டிக்கு மேல தெரியாது. கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, இன்னும் கொஞ்சம் பாசமா மேடம், வீட்டுல புள்ளைங்ககிட்டப் பேசற மாதிரி மேடம்னு அந்தப் பசங்க கேக்கக் கேக்க, நானும் பேசுனேன். பாசமா என்ன சொல்லுவீங்கன்னு கேட்டாங்க. நீ இல்லாம மிஷின் ஓடற மாதிரியே இல்ல. சூப்பர் மேடம், அதையே இன்னொருக்கா. இன்னொருக்கா சொன்னேன். முடிஞ்சு வெளிய வர்றப்ப தினகர்கிட்ட ஒண்ணு கேட்டேன், இது மிஷினுன்னு அவங்களுக்குச் சொல்லணுமில்லடான்னு. சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கம்மான்னான். சரின்னுட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நான் யாரையும் அடிக்கல, யாரு வேலையையும் புடுங்கல, ஒரு சரி சொன்னேன். காருக்குள்ள ஏறிக்கிட்டே, ஒரு காலு உள்ள ஒரு காலு வெளிய, சரின்னு சொன்னேன். அப்பறம் மொதலாளிங்க சங்கத்து விழாவுல கோயமுத்தூர்ல மேடையேத்திக் கண்ணாடி ஷீல்டு குடுத்தாங்க, மாறற காலத்துல வழிகாட்டற பெண்மணின்னு. நான் பேசுனேன், டெக்னாலஜி மனுசனை மனுசன்கிட்டருந்து பிரிச்சுரும்னு சொல்றாங்க, எங்க கம்பெனியில அது சேத்து வெச்சிருக்குன்னு. கை தட்டுனாங்க பாருங்க. ஷீல்டு வீட்டு ஹால்ல டிவிக்கு மேல இருக்கு. இந்த வீட்டுலயும் டிவிக்கு மேல ஏதோ இருக்கு, என்னது அது, நம்ம கம்பெனி ஆண்டு விழாவுல அவனுக்குக் குடுத்த குக்கர், பிரிக்காத டப்பாவோட.

அந்த போன் ஏன் என்னையவே பாத்துட்டு இருக்கு. போன் பாக்குமா, பைத்தியமாட்டம். இல்ல, வேற என்னமோ மனசுல இடிக்குது, வந்ததுலருந்து இடிக்குது, என்னன்னு புடிபடல. பாக்கியத்துக்கு யாரோ தண்ணி குடுக்கறாங்க. வேண்டாம்னு தள்ளறா. சேதி வந்தப்ப தினகர் என் ரூமுக்கு வந்து கேட்டான், அம்மா பொன்னுரங்கம் பேரை ரிஜிஸ்டர்லருந்து எடுத்தறட்டுமான்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. கட்டை எரிஞ்சு அடங்கல, அதுக்குள்ள பேரை எடுக்கறதாடா, காரியம் முடியற வரைக்கும் எவன் பேரையும் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து நான் வெச்சிருக்கற வழக்கம் உனக்குத் தெரியாதான்னு கத்துனேன். நல்ல வழக்கம்தான் அது. இந்த ஊர்ல வேற எந்தக் கம்பெனியிலயும் கெடையாது, காரியம் வரைக்கும் அவன் எங்காளு, எங்க கணக்குல இருப்பான். பேரு இருக்கும். பேரு இருக்கும், ஆளு வரமாட்டான். பேரு இருந்து ஆளு வரலைன்னா மிஷின் என்ன பண்ணும்?

ஐயோ. ஐயோ, எஞ்சாமி. அதுதான் இடிச்சுது. கூப்புடும். கூப்புட்டிருக்கும். நேத்தும் கூப்புட்டிருக்கும், முந்தாநேத்தும். பாடையைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமும் கூப்புட்டிருக்கும், என்ன பொன்னுரங்கம் ஆளைக் காணோமேன்னு. இந்தக் கூடத்துலதான், இந்த வெளக்குப் பக்கத்துலதான் அடிச்சிருக்கும். யாரு எடுத்திருப்பா? எடுத்திருக்க மாட்டாங்க, அழுகைச் சத்தத்துல கேட்டிருக்காது. எடுத்திருந்தா அந்த அண்ணன் இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரா. இன்னிக்கும் கூப்புடுமே. பகல் ஷிஃப்ட் விட்டதும் போகும் அந்தப் போனெல்லாம். இப்ப என்ன மணி, செவத்துல கடிகாரம் இருக்கு, சாமி போட்டோ போட்ட கடிகாரம், முள்ளு தெரியல, கண்ணாடியைக் காருலயே வெச்சுட்டேன். போனையும் காருலயே வெச்சுட்டேன், எழவு வீட்டுக்குள்ள போனோட போறது மரியாதை இல்லைன்னு. என் மரியாதையில இடி விழ. தினகரைக் கூப்புட்டு நிறுத்துறான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காரு அந்தத் தெருமுக்குலதான் நிக்குது. எந்திரிச்சுப் போயிட்டாலென்ன? இப்பத்தான வந்தேன். வந்ததும் எந்திரிச்சா என்ன நெனைப்பாங்க. என்ன நெனைப்பாங்கங்கறதுலயேதான் என் பொழப்பு ஓடுது இன்னமும். இல்லைன்னா பாக்கியத்தைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லிரலாம், கண்ணு, அந்தப் போனு நான் இல்ல, இத்தனை நாளும் நான் இல்ல. சொன்னா அவளுக்கு என்ன மிச்சம்? புருசன் சாகறதுக்கு முந்தி மொதலாளி கூப்புட்டு விசாரிச்சாங்கங்கற ஒரு ஆறுதல், அதையும் புடுங்கிக்கறதா? ஆமாமா, அவ ஆறுதலுக்காகத்தான் வாயை மூடிட்டு இருக்கறேன், எவ்வளவு பெரிய மனசு எனக்கு. யாரை ஏமாத்தறே கோகிலா. போனை அணைச்சுட்டாலென்ன? ஸ்டூலு கையெட்டற தூரத்துலதான் இருக்கு. போட்டோவுக்குப் பூ வைக்கற மாதிரி எந்திரிச்சு, குனிஞ்சு, பக்கத்துல இருக்கற பட்டனை அழுத்திப் புடிச்சா அணைஞ்சுரும். செத்தவன் போனை அணைக்கறதுக்கு அவன் போட்டோ முன்னால கை நீட்டற அளவுக்கு வந்துட்டேன். சரி, வந்தாச்சு. எந்திரி. எந்திரிச்சேன். தட்டுல உதிரிப்பூ இருந்துச்சு, ஒரு கை அள்ளுனேன். மல்லி இல்ல, சம்பங்கி. போட்டோ கிட்டப் போனேன், பொன்னுரங்கம் என்னையப் பாக்கறான், ஐடி கார்டு எடுத்த அன்னிக்கு சிரிக்கக் கூடாதுன்னு தினகர் சொல்லியிருப்பான், வாயை இறுக்கி வெச்சிருக்கான். பூவைப் போட்டேன். கை போனுக்கிட்டப் போகுது, அப்படியே பாக்கியத்தைப் பாத்தேன், அவ என் கையைப் பாத்துட்டு இருந்தா.

அடிச்சுது. என் கைக்கு அடியிலேயே, ஸ்டூலு நடுங்கற மாதிரி அடிச்சுது. வெளக்குச் சுடர்கூட ஆடுச்சு, இல்ல என் மூச்சுல ஆடுச்சோ என்னமோ. கையைச் சுட்டுக்கிட்டவளாட்டம் இழுத்துக்கிட்டேன். பாக்கியம் எந்திரிச்சா. அவசரமே இல்ல அவகிட்ட, பால் பொங்கறதுக்கு முந்தி அடுப்பை அணைக்கப் போறவளாட்டம் வந்து சார்ஜர் ஒயரைப் புடுங்கிட்டுப் போனை எடுத்தா, பட்டன் அமுக்கறதுக்குத் தோதா ஸ்பீக்கர்ல போட்டா. என்ன பொன்னுரங்கம், நான் கோகிலாம்மா பேசறேன். கூடத்துல அத்தனை பேரும் போனைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, மறுபடி போனைப் பாத்தாங்க. இன்னிக்கு ஆளைக் காணோமே, ஒடம்புக்கு ஏதாச்சுமா? நீ இல்லாம மிஷின் ஓடற மாதிரியே இல்ல. என்ன பாசம் அந்தக் கொரல்ல. கண்ணாடி ரூமுக்குள்ள எங்கருந்து வந்துச்சு அத்தனை பாசம் எனக்கு, இங்க இத்தனை நேரமா ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல. வெளிய பந்தல்ல ஆம்பளைங்க பேச்சுச் சத்தம். அந்த அண்ணன் அதட்டறது கேட்டுது, "செத்த நேரம் சும்மா இருங்கப்பா, உள்ள அம்மா பேசறாங்க." நாளைக்கு வர்றதுன்னா ஒண்ணு அமுக்கு, வர முடியலைன்னா ரெண்டு அமுக்கு. பாக்கியம் ரெண்டு அமுக்குனா. தடவிப் பாக்கல, தேடல, பழகுன வெரலு. சரி பொன்னுரங்கம், ஒடம்பைப் பாத்துக்க, சீக்கிரம் வந்துரு. போன் அணைஞ்சுது. அவ மறுபடி ஒயரைச் சொருகி, கண்ணாடிக்குப் பக்கத்துல எடுத்த எடத்துலயே வெச்சா. வெச்சுட்டு என் பக்கத்துல வந்து, வெளிய கேக்காத மாதிரி, ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு வழி சொல்றாப்புல சொன்னா.

"ரெண்டு அமுக்கலைன்னா மறுபடி மறுபடி கூப்புடுதுங்க. அவரை எடுத்த அன்னிக்கு யாரும் அமுக்கல, ராத்திரி வரைக்கும் அடிச்சுட்டே இருந்துச்சு."

நான் அவளைப் பாத்தேன். என்ன கேக்கறேன்னு அவளுக்குத் தெரிஞ்சுது.

"அவருக்கும் தெரியுமுங்க, மொத நாளே தெரியும். அம்மாவா இருந்தா நாம பதில் சொல்ற வரைக்கும் நிப்பாங்க, இது நிக்கலைன்னாரு. அண்ணன்கிட்ட மட்டும் நீங்க கூப்புட்டதாச் சொல்லிக்குவாரு. இத்தனை வருசம் இருந்துட்டு மிஷின் கூப்புட்டுச்சுன்னு சொன்னா நல்லா இருக்காதுல்லீங்க."

யாருக்கு நல்லா இருக்காது, அவனுக்கா எனக்கா? கேக்கணும். மன்னிச்சுருன்னு சொல்லணும், பேருக்காவது ஏதாச்சும் சொல்லணும், பாக்கியம்னாவது சொல்லணும். வாயைத் தொறந்தா வர்றது அந்தக் கொரலாத்தான இருக்கும், இப்பக் கேட்டுச்சே அதே கொரலு, எனக்குன்னு வேற ஒண்ணு எங்க வெச்சிருக்கறேன். மறுபடி அவ கையைப் புடிச்சேன். புடிக்க விட்டா, ஆனா இந்தத் தடவை அவ அழல. சொல்லாமப் போகலாம்கற வழக்கம் இருக்குல்ல, அதைப் புடிச்சுக்கிட்டே வாசலைத் தாண்டுனேன், பொம்பளைகளுக்கு நடுவுல புடவையை ஒதுக்கிக்கிட்டு, யாரு முகத்தையும் பாக்காம. பந்தல்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. செருப்பு எங்க விட்டேன்னு தேடறேன், கண்ணு தெரியல, இப்பத்தான் வருது அழுகை, பாழாப் போன அழுகை, உள்ள வந்திருக்கக் கூடாதா. அந்த அண்ணன் குனிஞ்சு செருப்பை எடுத்து என் காலுக்கிட்ட நேரா வெச்சாரு, வேண்டாம்னு தடுக்கறதுக்குள்ள வெச்சுட்டாரு. என் கண்ணைப் பாத்துட்டு அவரு கண்ணும் கலங்கிருச்சு.

"என்ன சொன்னீங்கன்னு இங்க சரியாக் கேக்கலீங்கம்மா. ஆனா உங்க கொரல் கேட்டுது. தம்பி சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, பெத்த தாய் பேசற மாதிரி."

கதவுக்கிட்ட பாக்கியம் வந்து நிக்கறா. நான் என்ன சொல்லப் போறேன்னு பாத்துட்டு நிக்கறா. நான் அவருக்குத் தலையை ஆட்டிட்டுக் காரைப் பாத்து நடந்தேன்.